மனநலப் பணியாளரின் மேற்பார்வை – ஒரு வரலாற்று நோக்கு

மேற்பார்வை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மக்கள் மனக்கண்முன் நிற்பவர், பதிவேட்டைக் கையில் ஏந்தி வேலைக்கு வந்தோரை எண்ணும் ஒரு மனிதரே. அதற்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் திருச்சி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிச் சென்றவர் கங்காணி. முன்பணம் கொடுத்தவரும் அவரே. வேலை வாங்கியவரும் அவரே. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குத் தொழிலாளியோடு கூடவே சென்ற ‘துண்டு’ எனும் கடன்சீட்டால் அவனைக் கட்டிவைத்தவரும் பெரும்பாலும் அவரே. 1921-இல் அந்தத் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் சொல்லின் கசப்பு எளிதில் ஒழிவதில்லை.

இதே சொல் தமிழ்த் திருமறையில் வேறொரு முகத்தோடு வருகிறது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. கிரேக்க மூலத்தில் ‘எப்பிஸ்கொப்பொஸ்’ என நிற்கும் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பாளர் ‘கண்காணி’ என்றே தமிழாக்கினர். பேதுருவின் முதல் நிருபத்தில் மேய்ப்பர், கண்காணி என்னும் இரு சொற்களும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. எண்ணுகிறவர் ஒருவர், காக்கிறவர் ஒருவர். இருவருக்கும் பெயர் ஒன்று. மனநோயுற்றோருக்குச் செவிகொடுக்கும் உளவியலார், சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துவோர் ஆகியோருக்கு மேற்பார்வை என்ற ஏற்பாடு எவ்வாறு தோன்றிற்று, நம் பகுதியை எவ்வாறு வந்தடைந்தது என ஆராயுங்கால், இவ்விரு கண்காணிகளுக்கும் இடையிலான வழக்கே மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவதைக் காண்கிறோம்.

இத்துறையில் மேற்பார்வை என்பது யாது? துயருற்ற ஒருவரின் பேச்சைக் கேட்டுச் சிகிச்சையளிப்பவர், தாம் கேட்டதையும் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும், தமக்குள் எழுந்த சினத்தையும் இரக்கத்தையும் அச்சத்தையும் அனுபவமுள்ள வேறொருவர்முன் ஒழுங்காக எடுத்துவைத்து ஆராய்வதே அது. மேற்பார்வையாளர் நோயாளியைப் பெரும்பாலும் நேரில் பார்ப்பதில்லை. கேட்டவரின் வாயிலாகவே நோயாளியை அறிகிறார். அதனினும் மேலாகக் கேட்டவரையே அறிகிறார்.

இதன் முன்னோடி கடிதத்தில் தொடங்கியது. 1908-இல் வியன்னாவில் குதிரையைக் கண்டு அஞ்சிய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சையளித்தவர் அவனுடைய தந்தையே. தந்தை குறிப்புகளை எழுதி அனுப்ப, சிக்மண்ட் பிராய்டு அவற்றைப் படித்து வழிகாட்டினார். 1909-இல் அவ்வரலாறு வெளியாயிற்று. சிறுவனைப் பிராய்டு சிகிச்சைக்காகச் சந்தித்ததோ ஒருமுறைதான். இதனை ஏற்பாடாக நிலைநிறுத்தியது பெர்லின். 1920 பிப்ரவரியில் மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலானோர் அங்கே ஏழைகளும் வரத்தக்க உளப்பகுப்பாய்வு மருத்துவகம் ஒன்றைத் திறந்தனர். பயிலுவோர் நோயாளிகளைப் பார்த்தனர். மூத்தவர் ஒருவர் அவர்களுடைய பணியைத் தொடர்ந்து கேட்டறிந்தார். 1925-ஆம் ஆண்டு மாநாட்டிற்குப் பின் இம்முறை பிற நாட்டுச் சங்கங்களுக்கும் பரவியது.

அக்காலத்தில் எழுந்த ஒரு விவாதம் நம் கவனத்திற்குரியது. மாணவரின் அந்தரங்கத்தை ஏற்கெனவே கேட்டறிந்த அவருடைய பகுப்பாய்வாளரே அவருடைய பணியையும் மேற்பார்க்கலாம் என்றது புடாபெஸ்டுக் குழு. இருவரும் வெவ்வேறு ஆளாக இருத்தல் வேண்டும் என்றது பெர்லின். பெரும்பாலான இடங்களில் பெர்லினின் கருத்தே நிலைபெற்றது. ஒருவர் கையில் எத்தனை அதிகாரம் குவியலாம் என்ற கேள்வி அப்பொழுதே எழுந்துவிட்டது.

நம் நாட்டில் 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸுக்கு மேற்பார்வையாளர் என ஒருவரும் அருகில் இல்லை. பிராய்டோடு கடிதத் தொடர்பு மட்டுமே இருந்தது. அதிலும் அவர் பணிந்து கேட்டதைவிட மறுத்து வாதிட்டதே சிறப்பு என்பது நம் எண்ணம்.

இனி இறையியல் மாணவர் அறியவேண்டிய பெயருக்கு வருவோம். ஆன்டன் பாய்சன் 1876-இல் பிறந்த அமெரிக்கக் குருவானவர். 1920 அக்டோபரில் அவருக்கே கடுமையான மனக்கலக்கம் உண்டாகி, ஏறத்தாழ 15 மாதங்கள் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். அங்கே அவர் கண்டது, தம் உள்ளத்தில் நிகழ்ந்த சமயப் போராட்டத்தைக் கேட்க எவருக்கும் நேரமில்லை என்பதே. நலமடைந்தபின் அவர் அந்த உலகைவிட்டு ஓடவில்லை. 1924-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் மனநோய் மருத்துவமனையில் அருட்பணியாளராக அமர்ந்தார். அடுத்த ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் நால்வரை அங்கே வரவழைத்தார். பிற்காலத்தில் உடல்–உள மருத்துவத்தில் புகழ்பெற்ற ஹெலன் ஃபிளாண்டர்ஸ் டன்பார் அவர்களுள் ஒருவர்.

அம்மாணவர்கள் செய்த வேலை என்ன? பிரசங்கம் அன்று. பகலெல்லாம் வார்டு உதவியாளராக நோயாளிகளைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், உலாவ அழைத்துச் செல்லவும் செய்தனர். மாலையில் தாம் கண்டவற்றை எழுதினர். பின்னர் அமர்ந்து, பாய்சனோடும் மருத்துவரோடும் அவற்றை ஆராய்ந்தனர். நோயுற்ற மனிதரை ‘உயிருள்ள மனித ஏடு’ என்றார் பாய்சன். பழைய ஏடுகளை எவ்வளவு கவனத்தோடு பதம் பதமாக வாசிக்கிறோமோ அவ்வளவு கவனம் இவ்வேட்டுக்கும் வேண்டும் என்பது அவர் துணிபு. அவர் 1965-இல் மறைந்தார். அதற்குமுன் மேலும் சிலமுறை அவருடைய நோய் திரும்பிவந்ததுண்டு. இதனைக் குறைகூறும் நோக்கில் நாம் சொல்லவில்லை. மேற்பார்வை என்னும் கலையை நம் திருப்பணிக்குள் கொணர்ந்தவர் நோயினின்று முற்றும் விலகி நின்ற ஒருவர் அல்லர் என்பதைத் தெளிவாக்கவே சொல்கிறோம்.

பாய்சனின் மாணவர் தலைமுறையினரான ரசல் டிக்ஸ், பாஸ்டன் நகரப் பொதுமருத்துவமனையில் மருத்துவர் ரிச்சர்டு காபட்டோடு உழைத்தவர். படுக்கையருகே நடந்த உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதிவைக்கும் பழக்கத்தை அவர் உண்டாக்கினார். 1936-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட நூலால் அம்முறை பரவியது. ‘வெர்பேட்டிம்’ என்று இன்றும் நம் மாணவர் சற்று அச்சத்தோடு உச்சரிக்கும் பயிற்சி இதுவே. அந்த அச்சம் நியாயமானதே. ‘நான் ஆறுதல் கூறினேன்’ என்று அறிக்கை எழுதுவது எளிது. அவ்வம்மையார் தம் மகனின் சாவைப் பற்றிப் பேசத் தொடங்கிய மூன்றாம் வரியில் நாம் ஏன் ஜெபத்திற்குத் தாவினோம் என்பதை ஏடு காட்டிக்கொடுத்துவிடும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அருட்பணித் துறை இவ்வகைப் பயிற்சியை நம் மாநிலத்தில் நடத்திவந்துள்ளது. 1957-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியின் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கவேண்டும் என்பதை நடைமுறையாக்கியதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

மற்றொரு குருவானவரின் வரலாறும் உண்டு. இலண்டன் மாநகரில் 1953 நவம்பரில் சாட் வாரா என்னும் ஆங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணமுடையோர் தொலைபேசியில் அழைக்கலாம் என அறிவித்தார். 1935-இல் அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனையே, பூப்பெய்தியதைக் கொடிய நோய் என எண்ணி உயிர்நீத்த ஒரு சிறுமியினுடையது. தாமே அனைவரையும் சந்திக்கலாம் என்றுதான் அவர் தொடங்கினார். காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்கள் வந்தனர். காத்திருந்தோரிற் பலர் தேநீர் அருந்தியவாறே தொண்டரிடம் மனந்திறந்து பேசிவிட்டு, குருவைப் பார்க்காமலே நிம்மதியோடு திரும்பியதை வாரா கண்டார். 1954-இன் தொடக்கத்திலேயே கேட்கும் பணியைத் தொண்டரிடம் ஒப்படைத்தார். அவர்களைத் தெரிந்தெடுப்பதும் தாங்குவதும் தம் வேலை என வகுத்துக்கொண்டார். ஒரு குரு கேட்பவர் என்ற நிலையிலிருந்து கேட்போரைக் கேட்பவர் என்ற நிலைக்கு மாறிய தருணம் இது. ‘சமாரிட்டன்ஸ்’ எனப் பெயர்பெற்ற அவ்வியக்கத்தில், தொண்டர் தம் முறை முடிந்ததும் பொறுப்பாளரிடம் அன்று கேட்டவற்றை இறக்கிவைத்துவிட்டே வீடு செல்வர். இவ்வியக்கத்தின் வழியைத் தழுவி 1986-இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’வை நிறுவினார்.

இவ்வளவும் தொண்டும் திருப்பணியும் சார்ந்த வழி. கல்வியும் சட்டமும் சார்ந்த வழி வேறு. 1954-இல் பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே உளவியலாருக்கான பயிற்சி அங்கே ஆரம்பமாயிற்று. 1974-இல் அது ‘நிம்ஹான்ஸ்’ ஆயிற்று. அங்கும் பிற நிறுவனங்களிலும் பயின்ற மருத்துவ உளவியலார், ஈராண்டுகள் மூத்தோரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பின்னரே எம்.பில். பட்டம் பெற்றனர். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்திய மறுவாழ்வுக் குழுமம் அமைந்து, அவர்கள் பெயர்ப்பதிவு செய்துகொள்ள வேண்டியவராயினர். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.பில். பட்டத்தை நிறுத்த விதித்தபொழுதும், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. பயிற்றப்பட்டோர் அவ்வளவு சிலரே என்பது அதற்குக் காரணம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யார் மருத்துவ உளவியலார் என வரையறுத்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றுப்படுத்துவோரையும் பதிவுக்குள் கொணர வழிவகுத்தது.

இச்சட்டங்கள் கேட்கும் கேள்வி, ‘நீ எங்கே படித்தாய்?’ என்பதே. ‘இப்பொழுது உன்னைக் கேட்பவர் யார்?’ என அவை கேட்பதில்லை. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும், மேற்பார்வை கட்டாயமன்று. பிரித்தானிய ஆற்றுப்படுத்துவோர் சங்கமோ தன் உறுப்பினர் பணிசெய்யும் காலம் முழுவதும், மூத்தவராயினும் பெயர்பெற்றவராயினும், மாதந்தோறும் குறைந்தது ஒன்றரை மணிநேரம் மேற்பார்வை பெற்றே தீரவேண்டும் என விதித்துள்ளது. அவ்விதியை அப்படியே இங்கே நட்டால் வேரூன்றாது. ஆனால் அதன் உட்கருத்து, பட்டம் பெற்ற நாளோடு காது பழுதுபடாமல் நின்றுவிடாது என்பது, எந்த நாட்டிற்கும் பொருந்தும்.

இப்பொழுது நம் வட்டாரத்திற்கு வருவோம். புதுக்கோட்டை 1974-இல் தனி மாவட்டமாயிற்று. அண்டை மாவட்டமாகிய திருச்சியே, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் ஒன்று. மற்றொரு புறத்தில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் காப்பகம் ஒன்றில் தீப்பற்ற, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். திட்டம் தொடங்கிய இடத்திற்கும் தீப்பற்றிய இடத்திற்கும் நடுவே நம் மாவட்டம் கிடக்கிறது.

அரசுத் திட்டத்தில் மேற்பார்வை என்பது பெரும்பாலும் படிவமாகவே ஆயிற்று. இம்மாதம் எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது, எத்தனை முகாம்கள் நடந்தன என்று எழுதி மேலே அனுப்புதல். இவ்வெண்கள் தேவையற்றவை என நாம் கூறோம். மருந்து வாங்க எண் வேண்டும். ஆயினும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தன் மகனைப் பூட்டிவைத்திருக்கும் தாயின் பேச்சைக் கேட்டுத் திரும்பிய பணியாளருக்கு அப்படிவத்தில் கட்டம் ஏதும் இல்லை.

இந்நிலையில் 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்து ஓடத் தொடங்கியது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளை அதனை அனுப்பியது. சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர், 2021-இல் மறைந்தார். 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிந்தைய காலத்தில் தொலைதூர மனநல மருத்துவத்தை அந்நிறுவனம் பழகிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டைப் பேருந்தின் உள்ளே ஓர் ஆலோசனை அறையும் ஒரு மருந்தகமும் இருந்தன. பேருந்து ஊர் ஊராகச் சென்று நிற்கும். நோயாளி உள்ளே திரைமுன் அமர்வார். மனநல மருத்துவர் சென்னையிலிருந்து காணொலி வாயிலாகப் பேசுவார். மருந்து அங்கேயே இலவசமாகக் கொடுக்கப்படும்.

செய்தித்தாள்கள் இதனைத் தொழில்நுட்ப அற்புதமாகவே எழுதின. நம் கருத்தில், பேருந்தைவிடப் பெரியது அதற்கு முன்னும் பின்னும் நடந்து சென்றவர்களின் வேலை. உள்ளூரிலிருந்து தெரிந்தெடுத்துப் பயிற்றப்பட்ட சமுதாயப் பணியாளர்களே நோயாளிகளைக் கண்டறிந்தனர், குடும்பத்தாரிடம் பேசினர், மருந்தை நிறுத்தியவரைத் தேடிச் சென்றனர். அவர்கள் உளவியற் பட்டதாரிகள் அல்லர். தாங்கள் கண்டதைத் தொலைவிலிருந்த மருத்துவருக்கு எடுத்துரைக்க, அவர் வினவ, இவர்கள் விடைதேடி மறுபடியும் அவ்வீட்டுக்குச் செல்ல, அந்தக் காணொலி மருத்துவம் தன்னையறியாமலே மேற்பார்வையாகவும் ஆயிற்று. 1908-இன் வியன்னாக் கடிதங்களுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. நோயாளியை அறிந்தவர் அருகில், நோயை அறிந்தவர் தொலைவில். இருவரையும் இணைப்பது ஒழுங்கான பேச்சு.

பட்டமில்லாப் பணியாளரால் இது கூடுமா என ஐயுறுவோர்க்கு ஆய்வு விடைகள் உள்ளன. தமிழ்நாட்டில் ‘ஸ்கார்ஃப்’ பங்கேற்க, கோவாவிலும் மகாராட்டிரத்திலும் உடன் நடந்த ஓர் ஆய்வில் மனச்சிதைவுற்றோர் 282 பேர் சேர்க்கப்பட்டனர். வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையோடு, மேற்பார்வை பெற்ற சமுதாயப் பணியாளரின் துணையும் கிடைத்தவர்கள், அச்சிகிச்சை மட்டும் பெற்றவரைவிட ஓரளவு கூடுதல் நலம் கண்டனர் என 2014-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் கோவாவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அங்கே ஆற்றுப்படுத்தும் பணியாளர்கள் தங்கள் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, குழுவாக அமர்ந்து ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு மதிப்பிட்டனர். பழகியபின் அவர்களுடைய மதிப்பீடு நிபுணரின் மதிப்பீட்டோடு கணிசமாக ஒத்திருந்தது. மூத்தவர் கிடைக்கும்வரை காத்திராமல் சகபணியாளரே ஒருவரையொருவர் கேட்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

கீரமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். ஆலங்குடி வட்டத்திலுள்ள இப்பேரூர் பூவுக்கும் பலாவுக்கும் தென்னைக்கும் பெயர்போனது. ஊர்ப்பெயரை நக்கீரரோடு இணைத்துச் சொல்லும் மரபு உண்டு; இறைவனே எழுதிய பாட்டாயினும் பிழை கண்டவிடத்துப் பிழை என்றுரைத்த புலவர் அவர். மேற்பார்வையாளர்க்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் அரிது! 2018 நவம்பர் 16-ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் கரைகடந்த கஜா புயல் இப்பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ எனப் பிள்ளையாகவே வழங்கும் மக்கள் ஓரிரவில் ஒரு தலைமுறையின் வருவாயை இழந்தனர். ஆறுதல் கூறச் சென்றவர் பலர். அரசினர் சென்றனர், தொண்டு நிறுவனத்தார் சென்றனர், நம் சபைகளின் இளைஞரும் ஊழியரும் சென்றனர். அவர்கள் வீடு வீடாகக் கேட்டதையெல்லாம் மாலையில் இறக்கிவைக்க ஓர் இடம் இருந்ததா? கிடுகும் தார்ப்பாயும் எத்தனை வழங்கினோம் என்ற கணக்கே எங்கும் கேட்கப்பட்டது.

நகரத்து உளவியலார்க்கு இல்லாத ஓர் இடர் பேரூரில் உண்டு. விடியுமுன் பூச்சந்தைக்கு வரும் ஒரு பெண் தன் வீட்டுத் துயரை ஒருவரிடம் சொன்னால், கேட்பவர் அவளுடைய மாமனாரையும் அறிவார். அவளுக்குக் கடன் கொடுத்தவரையும் அறிவார். அடுத்த ஞாயிறன்று அவர்கள் மூவரையும் ஒரே கூரையின்கீழ்க் காணவும் நேரும். கேட்டதை ஊருக்குள் எவரிடமும் சொல்லலாகாது; சொல்லாமல் சுமந்தால் ஒருநாள் பிரசங்கத்தில் சாடையாக வெளிவரும். அவள் அதோடு வாயை மூடிக்கொள்வாள், ஒருவேளை என்றைக்குமாக. ஆகவே ஊருக்கு வெளியே உள்ள ஒருவர் கேட்போர்க்குக் கட்டாயம் தேவை.

அவ்வொருவர் யாராக இருத்தல் கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். ஆயரை இடமாற்றம் செய்யும் அதிகாரமுள்ளவர், அவருடைய சம்பளத்தையும் நன்னடத்தைச் சான்றையும் கையில் வைத்திருப்பவர், அவருடைய மனநலப் பணிக்கு மேற்பார்வையாளராக அமைதல் தகாது. பேராயரும் வட்டத் தலைவரும் எவ்வளவு அன்புள்ளவராயினும், தம்மை மாற்றவல்லவர்முன் ஒருவர் தம் வெர்பேட்டிமை உள்ளபடி எழுதமாட்டார், அழகுபடுத்தி எழுதுவார். அழகுபடுத்திய ஏட்டால் நோயாளிக்குப் பயனில்லை. பெர்லின் குழுவினர் நூறாண்டுகட்கு முன் கண்ட பிரிவினை இதுவே. எண்ணும் கண்காணிக்கு அலுவலகம் இருக்கட்டும். காக்கும் கண்காணிக்கு வேறொரு நாற்காலி வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணிப் பக்கத்து ஆயர்களிலும் பள்ளி ஆற்றுப்படுத்துவோரிலும் நால்வர் அல்லது ஐவர், சபை வேறுபாடு பாராமல், மாதம் ஒருமுறை கூடலாம். ஒவ்வொரு முறையும் ஒருவர், பெயரும் ஊரும் மாற்றிய ஓர் உரையாடலை ஒரு பக்க அளவில் எழுதிக் கொணரலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மருத்துவ உளவியலார் ஒருவரைக் காணொலியில் அமர்த்திக்கொள்ளலாம். ஸ்கார்ஃப் பேருந்து புறப்பட்ட 2010-இல் அரிதாயிருந்த வசதி இன்று எல்லார் சட்டைப்பையிலும் உள்ளது. தற்கொலை எண்ணம், வன்முறை, மருந்து நிறுத்தம் ஆகிய மூன்றில் எது ஒன்று தென்பட்டாலும் மாதக் கூட்டத்திற்குக் காத்திராமல் அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பவேண்டும். 14416 என்னும் அரசின் ‘டெலி மானஸ்’ எண்ணும் 2022 முதல் உள்ளது. கூட்டம் முடிந்ததும் எழுதிவந்த தாளைக் கிழித்துவிடுவது நலம்.